ஜோகோவிக்கு மஃரூஃப் அமீன் எதற்குத் தேவைப்பட்டார்?

துணை அதிபர் வேட்பாளரைக் காட்டி மதப்பற்றுள்ளவர்களின் ஓட்டை வாங்குவது என்றால் எல்லோரும் டிரம்ப், மைக் பென்ஸ் கதையைத்தான் எடுப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தோனேசியாவில் நடந்ததைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2018 ஆகஸ்ட் 9. 2019 தேர்தலில் அப்போதைய அதிபர் ஜோகோவியோடு துணை அதிபர் பதவிக்கு நிற்கப்போவது அரசியல் சாசன நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மஹ்ஃபூத் என்றுதான் பேச்சு. சட்டை அளவு வரை கேட்டாயிற்று, அவரும் கூட்டணித் தலைவர்கள் கூடியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உணவகத்தில் காத்திருந்தார். அறிவிப்பு வந்தபோது பெயர் வேறு: மஃரூஃப் அமீன். வயது 75, இந்தோனேசிய உலமா சபையின் தலைவர், நஹ்தத்துல் உலமா என்ற மாபெரும் முஸ்லிம் அமைப்பின் உச்ச மதத் தலைவர், கோட்டுக்குக் கீழே கைலி கட்டிக்கொண்டே விவாத மேடைக்கு வருகிறவர்.

ஜோகோவியும் முஸ்லிம்தான். ஆனாலும் அவர் உள்ளுக்குள் கிறிஸ்தவர், கம்யூனிஸ்ட் வீட்டுப் பிள்ளை என்று 2014இலிருந்தே வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஜகார்த்தாவில் அவருக்குத் துணை ஆளுநராக இருந்த அஹோக், சீன வம்சாவளிக் கிறிஸ்தவர், குர்ஆனை அவமதித்துவிட்டார் என்று பெருங்கூட்டம் தெருவுக்கு வந்து, வழக்கு நடந்து, 2017 மே மாதம் அவருக்கு 2 ஆண்டு சிறை. அது அவமதிப்புதான் என்று அறிவித்த சபைக்குத் தலைவர் இதே மஃரூஃப், நீதிமன்றத்தில் போய்ச் சாட்சி சொன்னவரும் அவரே. அவரையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் ஜோகோவியை இஸ்லாத்தின் எதிரி என்று யார் சொல்ல முடியும்?

சரி, ஓட்டு வந்ததா? தீவிரமாக எதிர்த்தவர்கள் அசையவே இல்லை. இஸ்லாமியப் பிடிப்பு மிகுந்த அச்சே மாகாணத்தில் 2014இல் சுமார் 45 சதவீதம் வாங்கியவர் 2019இல் 14க்கு இறங்கினார், மஃரூஃபின் சொந்த மாகாணமான பந்தெனில்கூடக் குறைந்தது. ஆனால் நஹ்தத்துல் உலமாவின் கோட்டையான கிழக்கு ஜாவாவில் 53 சதவீதம் 66 ஆனது, மத்திய ஜாவாவில் 77. ஜோகோவியைப் பிடித்திருந்தும் மார்க்கத்தை நினைத்துத் தயங்கியவர்களுக்கும், ஊரில் அவருக்காகப் பேச வேண்டியிருந்த மதப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு பிடி கிடைத்தது. எதிராளியின் ஓட்டைப் பிடுங்குவதைவிடத் தன் பக்கம் பாதி சாய்ந்து நிற்பவரின் மனக்குறையைப் போக்குவதுதான் இப்படிப்பட்ட துணை வேட்பாளரின் வேலை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதற்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொள்ளும் சிறுபான்மைப் பிரிவான அஹ்மதியாக்கள் வழிதவறியவர்கள் என்று 2005இல் மார்க்கத் தீர்ப்பு சொன்னதும் அதே உலமா சபை, அவர்கள் அதற்கப்புறம் பட்ட அடியும் உதையும் கொஞ்சமல்ல. மஃரூஃபை மேடையேற்றியபோது சிறுபான்மையினர் கோபப்பட்டு விலகியிருக்கலாம். எங்கே போவார்கள்? எதிரில் நின்ற பிரபோவோவுக்குப் பின்னால்தான் அஹோக்கைச் சிறைக்கு அனுப்பச் சொன்ன கூட்டமே திரண்டிருந்தது. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் பாலியில் ஜோகோவிக்கு 2014இல் 71 சதவீதம், மஃரூஃப் கூட நின்ற 2019இல் 91க்கும் மேல். அந்தக் கணக்கு போட்டவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.