அடுப்படிக்குள் விழுந்த வெயில்

ஓவியர் இளையராஜாவின் படம் ஒன்றை முதன்முதலில் ஆனந்த விகடனில் பார்த்தபோது, போட்டோ என்றே நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அம்மாதான் "ஏய், அது வரைஞ்சதுடா" என்றாள். நம்பவில்லை. திரும்பவும் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாயம் போன பாவாடையின் மடிப்பு, தேய்ந்த மரக்கதவு, பித்தளைக் குடத்தில் ஒரு துண்டு வெயில்.

அவருக்குக் கும்பகோணம் பக்கத்துக் கிராமம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு சென்னையிலும் படித்தவர்.

எனக்கு அவர் படங்களில் முகங்களைவிட வெளிச்சம்தான் முக்கியம். (முகங்கள் எல்லாம் கொஞ்சம் அதிக அழகு என்று எனக்கொரு சின்னக் குறை உண்டு.) ஜன்னல் வழியாக வரும் வெயில் கன்னத்தில் பட்டு, பின்னால் இருக்கும் சுவரை இருட்டாக்கிவிடும். எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படி காலை எட்டு மணிக்கு அப்படித்தான் இருக்கும்.

ஒருமுறை நானும் ஆச்சியின் பித்தளைச் செம்பை வரைய உட்கார்ந்தேன். மஞ்சள் நிறத்தைப் பூசப் பூச அது செம்பாகவில்லை, மாம்பழமானது. அப்புறம்தான் புரிந்தது: பித்தளையில் மஞ்சள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பழுப்பும் கறுப்பும், எதிரே இருப்பவற்றின் நிறமும். என் நீலச் சட்டைகூட அதில் தெரிந்தது.

2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. நாற்பதுகளின் தொடக்கம்தான். அன்று இரவு வாட்ஸப்பில் எல்லோரும் அவர் படங்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த அம்மி நம்ம வீட்டுது மாதிரியே இருக்கு" என்றாள்.