350-இல் ஒரு பங்கு
ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் உள்ள எங்கள் வீட்டில் நேற்றிரவு 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலின் மாடலை ஒட்டி முடித்தேன். கதைப்படி அதன் நீளம் சுமார் 289 மீட்டர். மாடல் அதில் 350-இல் ஒரு பங்கு என்றால் சுமார் 82.5 சென்டிமீட்டர். அளந்தேன், சரியாக இருக்கிறது. ஆனால் நீளம் மட்டும் பொருந்தினால் எனக்கு மனம் நிறையாது. அந்த அளவில் ஆள் உயரம் 5 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கப்பலின் முன்பக்கம் தட்டு வடிவில் இருக்கும் பகுதியின் விளிம்பிலுள்ள தளத்துக்குள் அந்த ஆள் தலை இடிக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

பாம்பன் புதிய ரயில் பாலத்தில் கப்பல்களுக்கு வழிவிட மேலே தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவில் பனை ஈர்க்கு ஒன்றை 20.7 சென்டிமீட்டருக்கு நறுக்கிக் கப்பலுக்குக் கீழே வைத்தேன். பக்கத்தில் அப்பாவின் 30 அடி வல்லம் என்னும் மீன்பிடிப் படகு, 2.6 சென்டிமீட்டரில், அதன் முன்பகுதியான அணியத்தின் வளைவைச் செதுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது மிதக்க எத்தனை பாகம் தண்ணீர் வேண்டும்?" என்று கேட்டார். பாகம் என்பது கடலில் ஆழம் சொல்லும் அளவு, சுமார் ஆறடி.