மீனில்லாத தொட்டி: உப்புவெளி நாட்குறிப்பு

செப்டெம்பர் 30

தம்பியின் கடல்நீர்த் தொட்டியில், பவுடர் புளூ மீனின் வால்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். உப்புக் கல் அளவு. கல்லில் உடம்பை உரசிவிட்டு வெடுக்கென்று திரும்புகிறது. தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 2

புள்ளிகளைக் காணோம். "சுகமாயிட்டுது, பார். சும்மா பயந்திட்டாய்" என்றார் அம்மா.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி ஒரு உயிர். மீனின் மேல்தோலுக்குக் கீழே புகுந்து அங்குள்ள கலங்களைத் தின்று பருக்கும். மூன்று நாளிலிருந்து ஏழு நாள் வரை அங்கேயே இருக்கும். பிறகு, பெரும்பாலும் இருட்டில், தானாகக் கழன்று அடியில் விழும். மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரியும். பிறகு ஓடு வெடித்து, குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும். ஆகவே புள்ளி மறைந்தால் மீன் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஒட்டுண்ணி தொட்டிக்கு இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மீன் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

ஒக்டோபர் 4

பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டு நுணுக்குக்காட்டியை வார இறுதிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஈரக் கையில் மீனைப் பிடித்து, பக்கவாட்டில் சளியை மெல்ல வழித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கடல்நீரோடு வைத்தேன்.

இருந்தது. உருண்டையாக, இருட்டாக, பிசிர்களால் மெதுவாகச் சுழன்றுகொண்டு. உடம்பு அவ்வளவு அடர்த்தி, உள்ளே கரு தெரியவே இல்லை. கிரிப்டோகேரியன், வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி. நான் அதிகம் பயந்தது வெல்வெட் நோய்க்குத்தான். அதன் ஒட்டுண்ணி அசையாமல், பழுப்பாக, செவுளில் குத்தி நிற்கும். அது வந்தால் புள்ளியைக் காணுமுன்பே மீன் போய்விடும். இது அதில்லை. நல்ல செய்தி என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் இன்று அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒக்டோபர் 5

உடம்பு முழுக்கப் புள்ளிகள். இரண்டு நீமோ மீன்களிலும். சின்ன நீமோ மேலே வந்து மூச்சு வாங்குகிறது.

ராத்திரி தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த பவுடர் புளூவைச் சோளகக் காலத்தில் ஒரு சுழியோடியிடம் கேட்டுக் கேட்டு வாங்கினவன் அவன். புறாமலைத் தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே எதையும் தொடக் கூடாது. அதற்கு வெளியே பிடித்த மீனாக இருக்க வேண்டும் என்று காத்திருந்து வாங்கினான். தோஹாவுக்குப் போகிற அன்று எயார்போர்ட் வானில் ஏறுமுன் தொட்டியின் முன்னால்தான் நின்றான். இந்த நோய் முதலில் தேடிப் பிடிக்கிற மீன்களில் ஒன்று இந்தச் சாதி.

கடைக்கார அண்ணாவிடம் கேட்டால் ஆயிரம் வழி சொல்கிறார். நன்னீரில் முக்கச் சொன்னார். தோலுக்கு மேலே ஒட்டும் தட்டைப் புழுவுக்கு ஐந்து நிமிட நன்னீர் குளியல் நல்லதுதான், வெளுத்துக் கழன்று விழும். இது தோலுக்குக் கீழே இருக்கிறது, நன்னீர் எட்டாது. உடம்பு சுத்தம் செய்யும் மீன் ஒன்றை விடச் சொன்னார். அதன் வாய்க்கும் எட்டாது. உள்ளியைச் சாப்பாட்டில் கலக்கலாம், மீன் விரும்பித் தின்னலாம், ஒட்டுண்ணிக்கு ஒன்றும் ஆகாது. அவர் சொன்னதில் மயில்துத்தம் மட்டும் உண்மையான மருந்து. ஆனால் அதிலுள்ள செப்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். அதுவும் நீந்தித் திரியும் குஞ்சுகளைத்தான் கொல்லும். தோலுக்குள் இருப்பதையும் ஓட்டுக்குள் இருப்பதையும் தொடாது. தம்பியின் தொட்டியில் ஊற்றினால் இறால்கள் அன்றே செத்துவிடும், கல் செப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம்பி அளக்க என்னிடம் கருவியும் இல்லை.

கடல் இருக்கிறது. வாளி இருக்கிறது. மீனைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றி மாற்றி வைப்பதுதான் என் முடிவு.

ஒக்டோபர் 6

எல்லா மீனையும் வெறும் பெட்டிக்கு எடுத்தாயிற்று. தொட்டியில் இறாலும் சங்குநண்டுகளும் மட்டும். அவற்றில் இந்த ஒட்டுண்ணி வாழாது. மீன் கிடைக்காவிட்டால் ஓட்டிலிருந்து வரும் குஞ்சு ஓரிரு நாளில் செத்துவிடும். ஆனால் எல்லா ஓடும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. பெரும்பாலானவை நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும், 72 நாள் கழித்து வெடித்ததும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் தொட்டி 76 நாள் மீனில்லாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். கலண்டரில் டிசெம்பர் 21 ஐ வட்டமிட்டேன். அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 7

சின்ன நீமோ செத்துவிட்டது.

ஒக்டோபர் 9

முதல் மாற்றம். விழுந்த ஒட்டுண்ணி ஓடு கட்டி வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அதற்கு முன்பே மீனை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டால், வெடிக்கும்போது அங்கே மீன் இருக்காது. நான்கு முறை செய்தால் மீனில் இருந்த எல்லாமே விழுந்திருக்கும். இவ்வளவுதான் சூத்திரம். மருந்தில்லை, நஞ்சில்லை. இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

பழைய பெட்டியை, வலையை, காற்றுக்கல்லை எல்லாம் கழுவி முற்றாகக் காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தால் ஓட்டுக்குள் இருப்பதும் சாகும். புதுப் பெட்டியில் நேற்றே பிடித்து வைத்த கடல்நீர். மீன் போகலாம், பழைய தண்ணீர் போகக் கூடாது.

ஒக்டோபர் 11

மழை. பெட்டி காயவில்லை.

வாடை இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. முற்றத்தில் வெயில் இல்லை. மின்விசிறிக்குக் கீழே வைத்தேன், அடுப்படியில் வைத்தேன், விளிம்பில் விரலை ஓட்டினால் இன்னும் ஈரம். குளோரின் போட்டுக் கழுவி, திரும்பக் கழுவி, துணியால் துடைத்து, அந்தத் துணியையே சந்தேகப்பட்டு இன்னொரு துணி. என் கையும் ஈரம். அம்மா வீடு துடைத்த துணி வாளி விளிம்பில் கிடந்ததைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டேன். பாவம் அம்மா.

ஒக்டோபர் 12

இரண்டாம் மாற்றம். விடிய நான்கு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பற்றரியில் ஓடும் காற்றுப்பம்பின் சத்தத்தைக் கேட்டபடி விடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

ஒக்டோபர் 13

சாப்பிட்டது! காய்ந்த கடற்பாசி, ஒரு விரல் நீளம், முழுவதும்.

ஒக்டோபர் 15

மூன்றாவது. வடிகட்டி இல்லாத வெறும் பெட்டி என்பதால் அமோனியா ஏறுகிறது, மூன்றாம் நாள் மீன் சோர்ந்துவிடுகிறது. சாப்பாட்டைக் குறைக்கவும் மனமில்லை. புதுத் தண்ணீரில் விட்ட பத்து நிமிடத்தில் நிறம் திரும்பிவிடும். அந்த நீலம்.

ஒக்டோபர் 18

நான்காவதும் கடைசியும். பவுடர் புளூ, பெரிய நீமோ இரண்டும் இப்போது மண்டபத்துப் பெட்டியில், புது வடிகட்டியோடு. தொட்டி இருக்கும் அறைக்குத் தூரமாக. காற்றுக்குமிழி வெடித்துத் தெறிக்கும் ஒரு துளி போதும் என்பதால் கதவும் சாத்தியே இருக்கிறது.

ஒக்டோபர் 26

தம்பிக்கு லீவு கிடைத்திருக்கிறது. டிசெம்பர் 12 வருகிறானாம். முதல் கேள்வி: "அக்கா, அதுக்குள்ள மீனைத் தொட்டியில விட்டிடுவீங்கள்தானே?"

நவம்பர் 3

ராத்திரி டோர்ச் அடித்துப் பார்த்தேன். இறால் ஒன்று சட்டை கழற்றியிருக்கிறது. மணல், கல், இறால். வெறும் கண்ணுக்கு எல்லாம் சுத்தம். இறாலுக்குக் கொஞ்சம் சாப்பாடு போட்டேன், வடிகட்டியில் இருக்கும் பக்டீரியாவும் பட்டினி கிடக்கக் கூடாது.

நவம்பர் 9

தாழமுக்கமாம். கடல் மண்ணிறம். கரையில் பிடித்த தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு 29. சாதாரணமாக 34, 35 காட்டும் கரை இது. கொட்டியாரக் குடாப் பக்கம் மகாவலி இறங்குகிறது, அங்கே கேட்கவே வேண்டாம். நல்ல வேளை ஒக்டோபரில் பீப்பாய் நிறையப் பிடித்து மூடி வைத்திருந்தேன். மூன்றாம் தவணைப் பரீட்சைத் தாள் ஒரு கட்டு திருத்தக் கிடக்கிறது.

நவம்பர் 17

பவுடர் புளூவின் செட்டையில் ஒரு வெள்ளை.

முழு மாலையும் அதன் முன்னால். நுணுக்குக்காட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒட்டுண்ணியின் புள்ளி என்றால் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கும். இரவு ஒன்பது மணிக்குச் செட்டையை விரித்தபோது அது நழுவிப் போனது. சளித்துணுக்கு. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன், ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 18

காணோம். சளிதான்.

நவம்பர் 28

இரவு முழுக்கக் காற்று. கரண்ட் இல்லை. வாளி, பம்பு, பற்றரி.

டிசெம்பர் 5

தம்பியோடு சண்டை. நான்கு வாரத்தில் போய்விடும் என்று எங்கோ படித்திருக்கிறான். பெரும்பாலும் போய்விடும்தான். பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி இந்த மீனைத் திரும்ப அதற்குள் விட என்னால் முடியாது. அவன் காசு, அவன் தொட்டி, அவன் மீன், எல்லாம் சரி. மூச்சு வாங்கினதைப் பார்த்தவள் நான். "நான் நிக்கிறதே இரண்டு கிழமை, அக்கா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 21 ஆம் திகதியும் அந்த இரண்டு கிழமைக்குள்தான் வருகிறது என்று பிறகு மெசேஜ் போட்டேன். பார்த்திருக்கிறான், பதில் போடவில்லை.

டிசெம்பர் 12

வந்துவிட்டான். பையை வைக்காமலே மண்டபத்துப் பெட்டிக்கு முன்னால் குந்தினான். மெலிந்திருக்கிறான். பவுடர் புளூ கண்ணாடியோரம் வந்து நின்றது. "பெரிசாயிட்டுது" என்றான். கையை உள்ளே விடப் போனவனைத் தடுத்து, துடைத்துவிட்டு வா என்றேன். கோபப்படவில்லை. போய்த் துடைத்துவிட்டு வந்தான்.

டிசெம்பர் 14

கடைக்கார அண்ணா அழைத்தாராம். தென்கரைப் பக்கம் பிடித்த மீன் வந்திருக்கிறதாம். இங்கே வாடைக் கடல் மூடியிருக்கும்போது சுழியோடிகள் அந்தக் கரைக்குப் போய்விடுவார்கள். தம்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "பார்க்கத்தான்" என்றான்.

வாங்கி வந்தால் தொட்டிக்கும் இல்லை, மண்டபத்துப் பெட்டிக்கும் இல்லை. தனிப் பெட்டி, தனி வலை, திரும்பவும் நான்கு மாற்றம். நீலப் பெட்டி காய்ந்துதான் இருக்கிறது. பீப்பாயில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்க்க வேண்டும், அவன் வருவதற்குள்.