கோல்டு டேக்கும் டூல்பாக்ஸும்

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் தங்க நிற டேக்கை லேப்டாப் பையில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பை செக்-இன்னில் போகவே போகாது. தோளை விட்டு இறங்கினால் காலடியில் இருக்கும், அவ்வளவுதான். தொலைய வழியே இல்லாத பைக்கு எதற்கு அடையாளம்? போர்டிங் வரிசையில் பின்னால் நிற்பவர் படிக்கட்டும் என்றுதான். படிக்கவும் செய்கிறார்கள். வெள்ளியா, தங்கமா, அதற்கும் மேலே கறுப்பா என்று ஒருவர் பையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பதை எந்த ஏர்போர்ட்டிலும் பார்க்கலாம்.

நான் ஸ்பின்னிங் மில் மெஷின் எரெக்‌ஷன் வேலையில் இருப்பவன். கோயம்புத்தூரில் செய்த, நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின் எந்த ஊரில் போய் இறங்குகிறதோ, அந்த ஊருக்கு நானும் டூல்பாக்ஸோடு போய் இறங்க வேண்டும். டாக்கா, தாஷ்கண்ட், துருக்கியில் காசியான்டெப், வியட்நாம் என்று பருத்தி நூல் ஓடுகிற ஊர்களாகத்தான் இருக்கும். இப்படிக் கம்பெனி காசில் போய்வந்ததில் ஒரு விமான நிறுவனத்தில் கோல்டு ஆனேன். சொந்தக் காசில் பறந்திருந்தால் ஆரம்பப் படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பறந்த மைலைக் கூட்டி அந்தஸ்து தரும் இந்தக் கணக்கு ஒன்றும் புராண காலத்து விஷயம் இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'ஏ-அட்வான்டேஜ்' திட்டத்தை 1981 மே 1 அன்று தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் போட்டிக்கு இறங்கியது. இந்தப் பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1983-இல் 'பிபிஎஸ் கிளப்' என்று ஒன்றை ஆரம்பித்தது. இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ்காரர்கள் அடிக்கடி பறப்பவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 'சேபர்' என்ற தங்கள் முன்பதிவுக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப வருகிற போன் நம்பர்களைத் தேடி எடுத்தார்கள். ஆளை அடையாளம் காட்ட அன்றைக்கே போன் நம்பர்தான் உதவியிருக்கிறது. ஆனால் எனக்கு வந்த கோல்டு டேக்கில் அதற்கு இடமே இல்லை!

அந்த டேக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடித்த பிளாஸ்டிக். முன்பக்கம் பளபளவென்று தங்க நிறம், கம்பெனி சின்னம், 'கோல்டு' என்ற எழுத்து. அதற்குக் கீழே என் பெயர், இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்த்து, கடைசி மூன்று எழுத்து இடம் பத்தாமல் வெட்டுப்பட்டு. பெயருக்குக் கீழே மெம்பர்ஷிப் நம்பர். பின்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை. அதில் பால்பாயின்ட் பேனா ஓடவே ஓடாது, மார்க்கரில் எழுதினால் நாலு தடவை கை பட்டதும் அழிந்துவிடும். பெட்டி எங்கோ அனாதையாகக் கிடக்கிறது, யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுக்கிறார் என்று வையுங்கள். இந்த டேக்கிலிருந்து அவருக்கு என்ன தெரியும்? நான் நிறையப் பறப்பவன் என்று தெரியும். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாது.

உறையில் இரண்டு டேக் வந்தது. ஒன்றை அம்மா எடுத்துக்கொண்டார். "இது நல்லாக் கெட்டியா இருக்குது கண்ணு" என்று சொல்லி, தோட்டத்து மோட்டார் ரூம் சாவியில் கோத்துவிட்டார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. கிணற்று மோட்டாரைப் போடப் போகும் ஆள் தினமும் கோல்டு மெம்பராகப் போய்வருகிறார். அந்த டேக் உருப்படியாக வேலை செய்வது அங்கே மட்டும்தான் என்பது என் கட்சி.

நம் ஊரில் இந்தக் கௌரவத்துக்கு மைல் எதுவும் தேவைப்பட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எத்தனை வீட்டில் பீரோ மேலே இருக்கும் சூட்கேஸின் கைப்பிடியில் ஏர்லைன்ஸ் ஒட்டிய காகித டேக் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்! பையன் துபாயிலிருந்து வந்து வருஷக்கணக்காகியிருக்கும். பொள்ளாச்சி கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் டேக் கூடவே போகும். யாரும் கிழிக்க மாட்டார்கள். எனக்கு இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே பெட்டியோடு மறுபடி ஏர்போர்ட்டுக்குப் போனால் பழைய டேக்கையும், பெட்டி மேல் ஒட்டிய குட்டி பார்கோடு ஸ்டிக்கரையும் ஒன்று விடாமல் உரித்துவிடுங்கள். பெல்ட்டின் மேலே உள்ள ஸ்கேனர் எந்த பார்கோடு முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் படிக்கும். போன வருஷத்துப் பயணத்தைப் படித்துக் குழம்பினால் பெட்டி ஓரமாகத் தள்ளப்படும்.

பெட்டியின் உண்மையான ஜாதகம் அந்தக் காகித டேக்கில்தான் இருக்கிறது. அதில் பார்கோடுக்குக் கீழே பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் டேக்கின் வகை. அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, டர்கிஷ் ஏர்லைன்ஸுக்கு 235. மீதி ஆறும் உங்கள் பெட்டிக்கான வரிசை எண். கவுண்டரில் போட்டதிலிருந்து கடைசி பெல்ட் வரைக்கும் பெட்டி இந்த எண்ணில்தான் பயணம் செய்கிறது. கவுண்டரில் வாங்கியது, விமானத்தில் ஏற்றியது, நடுவில் விமானம் மாற்றியது, கடைசியில் பயணியிடம் தந்தது என்று நாலு இடத்திலும் பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும் என 2018 ஜூனிலிருந்து விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் விதி இருக்கிறது. இந்த நாலு இடத்திலும் உங்கள் தங்க டேக்கை யாரும் கேட்பதில்லை.

"அப்புறம் கோல்டு பெட்டி முதலில் வரும் என்கிற பிரையாரிட்டி?" என்று கேட்பீர்கள். அதற்குக் கவுண்டரில் தனியாக ஒரு டேக் போடுவார்கள். கம்ப்யூட்டரில் உங்கள் மெம்பர்ஷிப் தெரிவதால் போடுவது அது. உங்கள் பளபளப்பைப் பார்த்துப் போடுவதில்லை. பெரிய விமானத்தில் பெட்டிகள் கன்டெய்னரில் ஏறுவதால் பிரையாரிட்டி பெட்டிகளைத் தனியாக வைத்து முதலில் இறக்க முடியும். சின்ன விமானத்தில் லோடர்கள் ஒவ்வொன்றாகக் கையால் அடுக்குகிறார்கள், இறங்கும் அவசரத்தில் எது முன்னே வருகிறதோ அது வரும். என் டூல்பாக்ஸ் பிரையாரிட்டி டேக்கோடு கடைசியாக வந்ததும் உண்டு, சும்மா போனபோது முதலாவதாக வந்ததும் உண்டு.

கோல்டில் எனக்கு நிஜமான தங்கம் ஒன்றே ஒன்றுதான்: எக்ஸ்ட்ரா வெயிட். பல விமான நிறுவனங்கள் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் கோல்டு என்றால் எடைக் கணக்கு உள்ள ரூட்டில் 20 கிலோ கூடுதல், உருப்படிக் கணக்கு உள்ள ரூட்டில் ஒரு பெட்டி கூடுதல். டார்க் ரென்ச், ஆலன் கீ செட், டயல் கேஜ், ஸ்பிரிட் லெவல், ஸ்பிண்டில் சென்டரிங் கேஜ் என்று இரும்பாகவே அடுக்கிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அந்த 20 கிலோவின் அருமை தெரியும். இதில் பாதியைக் கையில் எடுத்துப்போனால் செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்கள். செக்-இன்னில்தான் போட்டாக வேண்டும். போட்ட பெட்டி வரவில்லை என்றால் மில்லில் ஆயிரத்துச் சொச்சம் ஸ்பிண்டிலை வைத்துக்கொண்டு எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அப்படியும் ஒரு தடவை நடந்தது. எந்த ஏர்லைன்ஸ், எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். நடுவில் விமானம் மாறும் ஊரில் டூல்பாக்ஸ் எங்கோ மாட்டி, காகித டேக் கிழிந்துவிட்டது. தங்க டேக்கும் போய்விட்டது, அதன் பிளாஸ்டிக் வார் மட்டும் கைப்பிடியில் மிச்சம். நான் இறங்கிய ஊரில் பெல்ட் நின்றது, விளக்கு அணைந்தது, பெட்டி இல்லை. பெட்டி வராதவர்களுக்கான கவுண்டரில் ஒரு ஃபாரம் எழுதினார்கள். பிஐஆர் என்பார்கள். அதில் ஒரு கோப்பு எண் தருவார்கள்: மூன்றெழுத்து ஊர்க் குறி, இரண்டெழுத்து ஏர்லைன்ஸ் குறி, ஐந்து இலக்கம். அதை வாங்காமல் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராதீர்கள், என்ன அவசரமாக இருந்தாலும் சரி.

கவுண்டரில் இருந்த பெண் பெட்டிகளின் படம் போட்ட அட்டையை நீட்டி, இதில் எந்த மாதிரி, என்ன நிறம் என்று கேட்டார். நான் கோல்டு மெம்பர் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "உள்ளே என்ன இருந்தது?" என்றார். டூல்ஸ் பெயரையெல்லாம் சொன்னேன். "வேறு?" அம்மா வைத்த பருப்புப்பொடி பாட்டிலும் நார்த்தங்காய் ஊறுகாயும். அதையும் எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அடையாளம் இழந்த பெட்டிகளை உலகம் முழுக்கப் பெரும்பாலான ஏர்லைன்ஸ்கள் 'வேர்ல்டு டிரேசர்' என்ற சிஸ்டத்தில்தான் தேடுகின்றன. வெளியே டேக் இல்லாத பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எழுதி வைப்பார்கள். இந்தப் பக்கம் எழுதியதும் அந்தப் பக்கம் எழுதியதும் பொருந்தினால் பெட்டி வீடு திரும்பும். டயல் கேஜும் ஊறுகாயும் ஒன்றாக இருக்கிற பெட்டி உலகத்தில் எத்தனை இருக்கும்? போதாததற்கு மூடியின் உள்பக்கம் என் விசிட்டிங் கார்டை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். எங்கள் பழைய ஃபோர்மேன் பழக்கிவிட்ட பழக்கம் அது. சில நாளில் பெட்டி வந்தது. அதற்குள் மில்லில் கடன் வாங்கிய ஸ்பேனரை வைத்துப் பாதி லெவலிங் முடித்திருந்தோம்.

(சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 21 நாளுக்குள் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கணக்கு வைத்து நஷ்டஈடு கேட்கலாம். சேதம் என்றால் கையில் வாங்கிய 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இதற்கும் நீங்கள் தங்கமா தகரமா என்று பார்ப்பதில்லை.)

நான் பார்த்ததிலேயே நல்ல டேக் டாக்கா ஏர்போர்ட் பெல்ட்டில் வருவதுதான். வளைகுடாவிலிருந்து திரும்பும் தொழிலாளிகளின் அட்டைப்பெட்டிகள், கம்பளி மூட்டைகள். குறுக்கும் நெடுக்கும் கயிறு, மேலே பழுப்பு டேப், நாலு பக்கமும் தடித்த மார்க்கரில் பெயர், மாவட்டம், போன் நம்பர். திருச்சியில் வந்து இறங்கும் பெட்டிகளும் இதே லட்சணம்தான். ஒரு பக்கம் கிழிந்தால் மூன்று பக்கம் இருக்கிறது. பத்தடி தள்ளி நின்றே படிக்கலாம். பக்கத்திலேயே என் பெட்டியைப் போல நூறு கறுப்புப் பெட்டி வரும். ஒவ்வொன்றின் டேக்கையும் குனிந்து குனிந்து திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடையாளமும் அந்தஸ்தும் ஒன்றாக உழைத்த டேக் எனக்குத் தெரிந்து ஒன்று இருந்தது: குவான்டாஸின் 'கியூ பேக் டேக்'. ஆஸ்திரேலியா உள்நாட்டு விமானங்களுக்கானது. உள்ளே, தொடாமலே படிக்கக்கூடிய ஆர்எஃப்ஐடி சிப். காகித டேக் எதுவும் இல்லாமல் பெட்டியைப் பெல்ட்டில் வைத்துவிட்டு நடந்துவிட முடிந்தது. வெள்ளி மெம்பர்களுக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் இலவசமாகத் தந்தார்கள், மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அப்படி ஒரு வேலை செய்கிற டேக் என்றால் நான்கூட லேப்டாப் பையில் மாட்டிக்கொண்டு திரிவேன்.

இப்போது பெட்டிக்குள், இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஆப்பிளின் ஏர்டேக் போடுகிறார்கள். 2024 கடைசியிலிருந்து அது காட்டும் இடத்தை ஏர்லைன்ஸோடு லிங்காகப் பகிரவும் வசதி வந்திருக்கிறது. நல்லதுதான். பெட்டி இஸ்தான்புல்லில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இஸ்தான்புல்லில் அதைக் கையில் வைத்திருப்பவருக்கு அது உங்களுடையது என்று தெரிய வேண்டாமா? அதற்கு எழுத்துதான் வேண்டும்.

எழுதும்போது போன் நம்பரை நாட்டுக் குறியோடு எழுதுங்கள், +91 இல்லாத நம்பரை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஈமெயிலும் போதும். வீட்டு விலாசம் வெளியே தெரிய வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர் விலாசத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு போவானேன்? டேக்கையும் போர்டிங் பாஸையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் தன் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதில் இருந்த புக்கிங் எண்ணை வைத்து ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் நம்பர் வரைக்கும் போய்விட்டார். நல்ல ஆளாக இருந்ததால் சொல்லிவிட்டார்.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முதல் தடவையாக வங்கதேசம் போகிறான். நேற்று வந்து தலையைச் சொறிந்தான். "ஏனுங்ணா, உங்ககிட்ட பழைய கோல்டு டேக் ஒண்ணு இருந்தாக் குடுங்ணா. லவுஞ்சுக்குள்ள விடுவாங்களாங்ணா?"

"டேக்கைப் பார்த்து விட மாட்டாங்க தம்பி. போர்டிங் பாஸ்ல அச்சாகி இருக்கணும்."

"பரவால்லீங்ணா, சும்மா மாட்டிக்கறேன்."

மோட்டார் ரூம் சாவியிலிருந்துதான் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஒரு மார்க்கரும் டேப் உருளையும் எடுத்துக் கொடுத்து, பெட்டியின் நாலு பக்கமும் எழுதிவிட்டு வரச் சொன்னேன். மூன்று பக்கம் எழுதிவிட்டான். மூடிப் பக்கம் வேண்டாமாம், பெட்டி புதுசாம், எடுப்பு போய்விடுமாம்.