1905-இல் பதிவான வரவு

"தேதியைத் திருத்தினீங்கன்னா கணக்கு கெட்டுடும் தம்பி." நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை சொன்ன இந்த ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை. அங்கே பழைய கம்ப்யூட்டரில் இருந்த கணக்கை மீட்கப் போயிருந்தேன். எம்எஸ்-டாஸ் 6.22 என்ற மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளம், அதன் மேல் கிளிப்பர் என்ற நிரல் மொழியில் எழுதிய கணக்கு புரோகிராம், அகலப் பேப்பர் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

சிக்கல் தேதியில். கிளிப்பரில் 'செட் எபோக்' என்ற வரியை எழுதாமல் விட்டால், இரண்டு இலக்கத்தில் தட்டும் ஆண்டு எதுவானாலும் 1900-களில் போய் விழும். திரையில் 12-06-05 என்று தெரிவது டிபிஎஃப் என்ற தரவுக் கோப்புக்குள் 19050612 என்று எட்டு எழுத்தாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது. நாள் கணக்கும் பெரும்பாலும் சரியாகவே வரும், ஏனென்றால் இரண்டு தேதியும் சேர்ந்தே நூறு வருஷம் பின்னால் போயிருந்தால் இடைவெளி மாறாது. மாட்டிக்கொள்வது 1999-இல் வாங்கி 2000-இல் அடைத்த கடன்கள்தான்.

டெல்டாவில் அப்படிப்பட்ட கடன் நிறைய. சம்பாவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஆலை முன்பணம் கொடுக்கும். தை அறுப்பில் அது நெல்லாகத் திரும்பும். 15-11-99 அன்று 10,000 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 20-01-00 அன்று அடைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 66 நாள், வட்டி 217 ரூபாய். புரோகிராம் அதை 20-01-1900 என்று எடுத்துக்கொண்டு மைனஸ் 36,458 நாள் என்று கணக்குப் போடும். வட்டி மைனஸ் 1,19,862 ரூபாய். கணக்குப்பிள்ளை காகிதத்தில் வட்டி போட்டுப் பார்த்து, 1,20,079 ரூபாய்க்கு 'வட்டி நேர்' என்று ஒரு பற்று எழுதி லெட்ஜரை நிமிர்த்தியிருக்கிறார். அந்தப் பருவத்தில் வருஷம் தாண்டிய ஒவ்வொரு கணக்கிலும் இப்படி ஒரு வரி இருக்கிறது. 2000 ஏப்ரல் 1-ஆம் தேதி புது டைரக்டரி திறந்து பாக்கியை மட்டும் கொண்டுபோனார். அதன் பிறகு தொந்தரவே இல்லை.

முதலாளியின் மகன் கேட்டது நியாயமான கேள்வி. "சார், 94-க்குக் கீழ இருக்கற வருஷத்துக்கெல்லாம் நூறு கூட்டிட்டா முடிஞ்சுதுல்ல? அப்படியே புது சாஃப்ட்வேர்ல ஏத்திடலாம்." கட்டளை என்று பார்த்தால் ஒரே வரிதான். ஆனால் வட்டி கோப்பில் பதிவாவதில்லை. லெட்ஜரைத் திறக்கும்போதெல்லாம் புரோகிராம் புதிதாகப் போடுகிறது. தேதியைச் சரி செய்த நொடியில் 217 ரூபாய் என்று சரியான வட்டி வரும், பழைய 'நேர்' வரியும் கூடவே நிற்கும். கடனை அடைத்துவிட்டுப் போன விவசாயி பேரில் 1,20,079 ரூபாய் பாக்கி காட்டும். கணக்குப்பிள்ளை புரோகிராமின் ஒரு வரியைக்கூடப் பார்த்தவர் இல்லை. இது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

சரி, தேதியையும் திருத்தி, 'நேர்' வரிகளையும் எடுத்துவிட்டால்? அதையும் கேட்டேன். "அதுல சிலதுல தள்ளுபடியும் சேத்து எழுதியிருக்கேன். மழையில பயிர் போனவங்களுக்கு முதலாளி வாய்வார்த்தையா விட்டுக்கொடுத்தது. எது எவ்வளவுன்னு இப்ப பிரிக்க முடியாதுய்யா" என்றார்.

நூறு கூட்டுவது வேறு இடங்களிலும் இடிக்கும். 2000 லீப் வருஷம், 1900 இல்லை. அதனால் 29-02-00 என்று தட்டினால் புரோகிராம் ஏற்காது. அன்றைய வரவுகள் மார்ச் 1-ஆம் தேதியில் கிடக்கின்றன. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் பேட்டரி தீர்ந்த நாட்களில் டாஸ் கடிகாரம் 01-01-80-க்குப் போய்விடும், புரோகிராமும் அதையே தேதியாக எடுத்துக்கொள்ளும். நூறு கூட்டினால் அவை 2080-க்குப் போகும். அந்தப் பதிவுகளின் நாளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வரிசை எண்ணில் முன்னும் பின்னும் இருப்பவற்றைப் பார்ப்பது.

எதையும் திறப்பதற்கு முன் இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதற்கும் அச்சுப் பிசகாத பிரதி, எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான். கோப்பில் எதையாவது எழுதிவிட்டால் அதன் கடைசித் திருத்தத் தேதி மாறிவிடும். உள்ளே 1905 என்று இருக்கும் பதிவு எந்த வருஷத்தது என்பதற்கு வெளிச்சாட்சி அந்தத் தேதிதான். முதலில் போர்டைப் பாருங்கள். பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் செய்திருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் வேகமாக. 500 எம்பிக்கு உட்பட்ட பழைய ஐடிஇ டிஸ்க்குகளில் எல்பிஏ (செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் அழைக்கும் முறை) இல்லாதவை உண்டு. யூஎஸ்பி அடாப்டர் பல நேரம் அவற்றைக் கண்டுகொள்ளாது. 40 பின் ஐடிஇ உள்ள பழைய போர்டில் மாட்டி, கெட்ட டிஸ்க்கிலிருந்தும் பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூவை, படித்த இடங்களைக் குறித்து வைக்கும் மேப் கோப்போடு ஓட்டுங்கள். முதல் சுற்றில் கெட்ட செக்டர்களைத் தாண்டிப் போகட்டும், அடுத்த சுற்றில் மூன்று முறை முயலட்டும். சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கையைப் பயாஸ் திரையிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் 86பாக்ஸ் புரோகிராமில் அதே எண்களைக் கொடுக்காவிட்டால் இமேஜ் பூட் ஆகாமல் போகலாம்.

ஓடும் இயந்திரத்துக்கு, எம்எஸ்-டாஸுக்கு மாற்றான திறந்த மூல டாஸ், ஃப்ரீடாஸ் 1.3 போட்டேன். அதன் அமைப்புக் கோப்பான எஃப்டிகான்ஃபிக்கில் ஃபைல்ஸ் 60, கூடவே கிளிப்பர் மாறியில் எஃப்:50. இது குறைந்தால் இண்டெக்ஸ் கோப்புகளைத் திறக்கும்போது 'டாஸ் எரர் 4' என்று நின்றுவிடும். பிரிண்டருக்குப் பேரலல் அட்டை வாங்கினால் அதன் முகவரி பெரும்பாலும் வழக்கமான 378 ஆக இருக்காது. டீபக் என்ற டாஸ் கருவி வழியாக, நினைவகத்தில் 0040:0008 என்ற இடத்தில் அட்டையின் முகவரியை எழுதினால்தான் எல்பிடி1 என்று ஒரு பிரிண்டர் வாசல் இருப்பதே டாஸுக்குத் தெரியும். யூஎஸ்பி பேரலல் கேபிள் இங்கே உதவாது.

இதைச் செய்யும்போதெல்லாம் ஃப்ரீடாஸை ஜிம் ஹால் தொடங்கி வைத்ததன் அருமை புரிகிறது. எம்எஸ்-டாஸுக்கு எதிர்காலம் இல்லை என்று தெரிந்ததும், 1994 ஜூன் 29 அன்று, பொதுவில் ஒரு டாஸ் எழுதலாம் என்று அவர் அறிவித்தார். 1.0 வெளிவந்தது 2006-இல். மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-டாஸின் 1.25, 2.0 பதிப்புகளின் மூல நிரலை 2018-இலும் 4.00-ஐ 2024-இலும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் திறந்து வைத்தது. 6.22 அப்படித் திறக்கப்படவில்லை. அதனால் ஆலையின் இமேஜை அப்படியே யாருக்கும் கொடுக்க முடியாது, ஃப்ரீடாஸைக் கொடுக்கலாம். ஃப்ரீடாஸ் எழுதியவர்கள் பழைய புரோகிராம்கள் நம்பியிருந்த ஒவ்வொரு நடத்தையையும், ஆவணத்தில் இல்லாததையும்கூட, தேடித் தேடித் திரும்ப உருவாக்கினார்கள். அந்த ஒழுக்கத்தை மதிக்கிற நான் கணக்குப்பிள்ளையின் 1905-ஐ மட்டும் எப்படித் திருத்துவது?

அதனால் மூலத் தேதியைத் தொடவில்லை. பிரதி ஒன்றில் 'உண்மைத் தேதி' என்று தனிப் புலம் சேர்த்து, தெரிந்தவற்றை நிரப்பி, தெரியாததை வெறுமையாக விட்டேன். புது சாஃப்ட்வேருக்குக் கடைசிப் பாக்கி மட்டும் போனது. "அப்ப எது சார் நிஜக் கணக்கு?" என்று மகன் கேட்டார். இமேஜில் இருப்பதுதான் என்றேன். அந்தப் பதில் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை ஓய்வு பெற்ற பின் ஃப்ரீடாஸ் பெட்டியைத் திறந்து 'வட்டி நேர்' என்ற வரியைப் படிக்கப்போவது யார்? படித்தால்தான் என்ன புரியும்? அந்தப் பையனுக்குத் தேவையானது நம்பகமான ஒரே ஒரு லெட்ஜர். இரண்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. அந்த வட்டார ஆலைகளின் நடைமுறைக்கென்றே எழுதிய அந்த புரோகிராமைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும் என்று ஆசை. எழுதியவரின் அனுமதி கிடைத்துவிட்டது. தரவை நீக்கிவிட்டுக் கொடுத்தால், தேதி தெரியாத ஒரு குறைபட்ட புரோகிராம் மட்டுமே மிஞ்சும். ஒரு மனிதர் அதைக் கையால் நிமிர்த்தி இத்தனை வருஷம் ஓட்டினார் என்பது அதில் தெரியாது. தரவோடு கொடுத்தால் பக்கத்து ஊர்க்காரர்களின் கடனும் வட்டியும் தள்ளுபடியும் ஊர் பார்க்கப் போகும். பெயர்களை மாற்றினாலும் தேதியையும் மூட்டைக் கணக்கையும் வைத்து யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போதைக்கு, மேலே சொன்ன பத்தாயிரம் ரூபாய்க் கணக்கைப் போலக் கற்பனையான சில பதிவுகளை, 29-02-00 உட்பட, தட்டி ஒரு மாதிரிக் கோப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். 'நேர்' வரியைக் கணக்குப்பிள்ளையே வந்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.