கடைசி வளைவு: ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 3

சுவர்களில் ஸ்ப்ரே கேனால் நான் எழுதிவந்த ‘ஞ’ எழுத்தை ஒரு நிறுவனத்துக்கு லோகோவாக விற்கும் ஒப்பந்தத்தின் இறுதி வரைவு வந்துவிட்டது. கையொப்பமிட 20-ஆம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 4

பதினோரு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். தொகையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. உறுத்துவது ஏழாவது பிரிவுதான். இந்த வடிவத்தையோ இதை ஒத்த வேறொன்றையோ எந்த ஊடகத்திலும் எந்தப் பரப்பிலும் இனி நான் வரையக் கூடாதாம். லோகோவை விற்பவன் இன்னொருவருக்கு அதையே விற்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் ‘எந்தப் பரப்பிலும்’ என்று எழுதியவர் சுவரை நினைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக இந்த ‘ஞ’ ஒன்றுதான் என் கையெழுத்து.

அண்ணனுக்கு எழுதினேன்.

பிப்ரவரி 6

இன்று முழுவதும் அந்த எழுத்தைத் திரையில் திருத்துவதிலேயே கழிந்தது. புள்ளிகளை இணைக்கும் கோடுகளாலேயே உருவம் அமையும் வெக்டர் கோப்பில் ஒரு வளைவின் உச்சியிலும் அடியிலும் இரு பக்க விளிம்புகளிலும் மட்டும் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் குறையக் குறைய வளைவு சீராகும் என்பது நான் பிறருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். முதல் சுழியும் மேற்கோடும் அப்படியே அமைந்துவிட்டன. கடைசி வளைவு மட்டும் ஐந்து முறை வரைந்தும் உயிரில்லாமல் கிடக்கிறது. சுவரில் ஒரு கோட்டின் தடிமனைத் தீர்மானிப்பவை ஸ்ப்ரே கேனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரமும், தோளிலிருந்து புறப்படும் கையின் வேகமும், கேனில் மாட்டியிருக்கும் கேப் என்ற தெளிப்பு முனையும்தான்: நெருங்கினால் கோடு மெலிந்து கூர்மையாகிறது, விலகினால் அகன்று ஓரங்கள் புகைபோல் கலைகின்றன, ஒரு கணம் தயங்கினாலும் வண்ணம் வழிந்து அந்தத் தயக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த நிறுவனம் என்னைத் தேடி வந்ததே அந்த வேகத்துக்காகத்தான். அதே எழுத்து 16 பிக்செல் சதுரத்துக்குள்ளும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஒற்றை வண்ணத்திலும் நிற்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடுகளை நான் மதிக்கிறேன். அவற்றுக்குள் வேலை செய்வது எனக்குப் பிடித்துமிருக்கிறது. அந்த வளைவு வரவில்லை என்பதுதான் துயரம்.

பிப்ரவரி 7

அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

பிப்ரவரி 9

உறக்கம் வராததால் அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங்கைப் பற்றி மீண்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் காலாவதியான விளம்பரங்களை மறைக்க ஒட்டப்படும் கறுப்புத் தாள்களில் 1980 முதல் 1985 வரை வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைந்தவர் அவர். மக்கள் அவற்றைக் கிழித்தெடுத்து விற்கத் தொடங்கியதும் அங்கே வரைவதை நிறுத்திவிட்டார். 1986-இல் தாமே ‘பாப் ஷாப்’ என்ற கடையைத் திறந்து சட்டைகளிலும் பொத்தான்களிலும் அதே உருவங்களை விற்றபோது, கலையை வணிகமாக்கிவிட்டார் என்று பலர் ஏசினார்கள். எனக்கு அதில் பிழையே தெரியவில்லை. நியூயார்க் கிராஃபிட்டி கலைஞர் எரிக் ஹேஸும் இரவுகளில் ரயில்களில் எழுதிப் பழகிய கையோடுதான் பீஸ்டி பாய்ஸ் இசைக்குழுவுக்கு எழுத்து வடித்தார். அவர்கள் விற்றார்கள், தொடர்ந்து வரைந்தும் வந்தார்கள். என்னிடம் கேட்கப்படுவது வேறு.

பிப்ரவரி 10

மூன்றாவது பிரிவை இதுவரை சரியாகப் படிக்கவே இல்லை. ‘இப்படைப்பு முழுவதும் எனது சொந்த ஆக்கம்’ என்று நான் உறுதியளிக்க வேண்டும்.

கடைசி வளைவு அண்ணனுடையது.

பிப்ரவரி 11

அதை எழுதிய பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. ஏணியின் மேல் நின்ற என் மணிக்கட்டைப் பிடித்து, கீழே இறங்கும்போது மூச்சை விடு, திரும்பும் இடத்தில் கேனைச் சற்றே விலக்கு என்று அவர் சொல்லிக்கொடுத்த இரவு நினைவில் அப்படியே இருக்கிறது. அடுத்தவர் பாணியைக் களவாடுவதைச் சுவரில் எழுதுபவர்கள் மன்னிப்பதில்லை. கற்றுக்கொண்டதைக் கையில் வைத்திருப்பதற்கோ யாரும் அனுமதி கேட்பதில்லை. இந்த வேறுபாட்டை எங்களில் எவரும் ஒருநாளும் எழுதி வைத்ததில்லை.

பிப்ரவரி 13

வழக்கறிஞரைப் பார்த்தேன். ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ வழக்கைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்தின் சுவரோவியங்கள் 2013 நவம்பரில் ஒரே இரவில் வெள்ளையடிக்கப்பட்டன. 2018-இல் நீதிமன்றம் 45 படைப்புகளுக்காக 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. சுவரில் இருப்பதும் படைப்புதான் என்று சட்டமே ஒப்புக்கொண்ட அந்தச் செய்தியை அன்று அண்ணனும் நானும் கொண்டாடினோம். அந்தக் கலைஞர்களைக் காத்த அமெரிக்கச் சட்டத்திலேயே, படைத்தவர் கையொப்பமிட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவும் இடமுண்டு என்று வழக்கறிஞர் நினைவூட்டினார். வாசல்வரை வந்து மூன்றாவது பிரிவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

பிப்ரவரி 15

வலது தோள் வலிக்கிறது. பதில் இல்லை.

பிப்ரவரி 16

பணியறையின் பின்சுவரில் பலகை சாய்த்து, நெடுநாள்களுக்குப் பிறகு கேனை எடுத்தேன். நாற்பது முறையாவது எழுதியிருப்பேன். முப்பதுக்கு மேல் ஏதோ ஒரு முறை, மூச்சோடு கை இறங்கி, திரும்பும் இடத்தில் விலகி, அந்த வளைவு தானாக வந்து விழுந்தது. தரையில் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படமெடுத்து அதன்மேல் புள்ளி வைத்தால் கோப்பு முடிந்துவிடும், நிறுவனம் மகிழும். இன்னும் படமெடுக்கவில்லை.

பிப்ரவரி 18

அண்ணன் அழைத்தார். மருத்துவமனையில் இருந்தாராம், எதற்கென்று சொல்லவில்லை. மூன்றாவது பிரிவை வாசித்துக்காட்டினேன். அந்த வளைவை அவரும் இன்னொருவர் எழுதும்போது அருகில் நின்று பார்த்துத்தான் பிடித்தாராம். அந்த மனிதரின் பெயர்கூடத் தெரியாதாம். பிறகு, இப்போதும் இறங்கும்போது மூச்சை விடுகிறாயா என்று கேட்டார். விடுகிறேன் என்றேன். கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19

மூன்றாவது பிரிவில் ‘முழுவதும்’ என்ற சொல்லையும் ஏழாவது பிரிவில் ‘எந்தப் பரப்பிலும்’ என்பதையும் நீக்கித் தருமாறு கேட்டு நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். மாலை ஆறு மணிவரை பதில் வரவில்லை. பலகை இன்னும் சுவரில் சாய்ந்திருக்கிறது. நாளை காலை அண்ணனைப் பார்க்கப் போகிறேன்.