நாலு மாதம் சும்மா நின்ற ஜெனரேட்டர்

நாலு மாதம் தொடாமல் வைத்திருந்த ஜெனரேட்டரை நேற்று எடுத்தேன், இருபது முறை கயிறு இழுத்தும் அசையவில்லை. சரி என்று கார்புரேட்டரைக் கழற்றினால், மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி, அதன் மேல் பிசின் மாதிரி ஒரு பசை. பெட்ரோல் போகும் ஜெட்டின் துளையே மயிரிழைதான், அது அடைபட இவ்வளவு போதும்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் ஈரத்தை உறிஞ்சும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் ஏறக்குறைய அரை சதவீதத்தைத் தொட்டாலே, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும், குளிரில் இன்னும் சீக்கிரம். இன்ஜின் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதானே! பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் ஆபத்து அதிகம்: ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும், உள்ளே போவதில் ஆயில் இருக்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். படகில் காற்றுத் துளை வழியாக ஈரம் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும், பழைய ஃபைபர் கிளாஸ் டேங்காக இருந்தால் அதன் ரெசினையே எத்தனால் கரைத்துவிடும். தினமும் ஓடும் காரில் பெட்ரோல் தேங்குவதே இல்லை, அதனால் இது தெரிவதில்லை.

பிரிந்ததைக் குலுக்கினாலும் சேராது, பெட்ரோல் கெடாமலிருக்கக் கலக்கும் ஸ்டெபிலைசரும் அதைச் சரிசெய்யாது. ஸ்டெபிலைசரைப் புதுப் பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டர் வற்றித் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், எத்தனால் கலக்காதது கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

அப்புறம் பெட்ரோல் வரும் ரப்பர் குழாயையும் பாருங்கள். என்னுடையது விரலால் அழுத்தியதுமே வெடித்துவிட்டது, புதிதாக மாற்றிய பிறகுதான் ஜெனரேட்டர் ஓடியது.